எங்கள் ஊர் இதய விழா: வீடு வீடாகப் போனபோது நீங்கள் கேட்டவை

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருக்கிறது எங்கள் ஊர். செப்டெம்பர் 29 உலக இதய நாள். அதற்குக் கிட்டிய ஞாயிற்றுக்கிழமை, பாடசாலை மைதானத்தில் இதய விழா வைக்கிறோம். நோட்டீஸ் கொடுக்கப் படலை படலையாய்ப் போனபோது ஆட்கள் கேட்ட கேள்விகளை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு வந்தோம். போன முறை விழாவில் கேட்டவையும் அதில் இருக்கின்றன. நான் பல வருடம் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள், அதனால் பதில் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. உங்கள் மருந்து, அளவு, நேரம் பற்றியெல்லாம் உங்கள் கிளினிக் டொக்டர் சொல்வதுதான் கடைசிச் சொல். மற்றதை இங்கே வாசியுங்கள்.

இது விழாவா, மெடிக்கல் கேம்பா?

இரண்டும்தான். ஆனால் விழா என்று பெயர் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. கேம்ப் என்றால் வருத்தக்காரர் மட்டும்தான் வருவார்கள். "எனக்கென்ன, நான் நல்லாத்தானே இருக்கன்" என்கிறவர் வீட்டிலேயே இருந்துவிடுவார். எங்களுக்கு வேண்டியவரே அவர்தான். கூடின பிரஷர் வலிக்காது, காய்ச்சல் காட்டாது, பல வருடம் சத்தமில்லாமல் இருக்கும். சீனி வருத்தமும் தொடக்கத்தில் அப்படித்தான். கூத்துப் பார்க்க, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, புதினம் பார்க்க என்று வருகிற மனிசரைப் பிடித்து உட்கார வைத்துக் கையில் பட்டியைக் கட்டினால்தான் அதைக் கண்டுபிடிக்கலாம்.

காலை 5.30க்கு வாவிக் கரையோரமாக நடை. 7 மணியிலிருந்து 1 மணிவரை பிரஷர், சீனி, இடுப்புச் சுற்றளவு, நிறை பார்த்தல். பக்கத்து வகுப்பறைகளில் விஞ்ஞான மேசைகள். பின்னேரம், கோலடித்து ஆடுகிற வசந்தன் கூத்து.

ஏன் செப்டெம்பரில்?

உலக இதயக் கூட்டமைப்பு இந்த நாளை 2000ஆம் ஆண்டில் தொடங்கியது. முதலில் செப்டெம்பரின் கடைசி ஞாயிறாக இருந்தது, 2011இலிருந்து 29ஆம் திகதி என்று நிலைத்துவிட்டது. எங்களுக்கு அது அமைந்து வந்த காலம். சிறுபோக வெட்டு முடிந்திருக்கும், பெரும்போக விதைப்புக்கு இன்னும் நாள் இருக்கும், மாரியும் தொடங்கியிருக்காது. வட்டைக்கு, அதாவது வயலுக்குப் போகிறவர்களை ஒரு ஞாயிறு முழுக்க மைதானத்தில் வைத்திருக்க வருடத்தில் கிடைக்கிற ஒரு சின்ன இடைவெளி அது.

காசு கட்ட வேண்டுமா? அக்கரை ஆட்களும் வரலாமா?

காசு இல்லை. எந்த ஊரவரும் வரலாம். போன முறை காத்தான்குடியிலிருந்தும் ஏறாவூரிலிருந்தும் குடும்பமாக வந்தார்கள். மண்முனைப் பாலம் 2014இல் திறந்த பிறகு ஓடம் பார்த்துக் காத்திருக்கிற கஷ்டமும் இல்லையே. பெண்களுக்குத் தனிக் கொட்டகை, அங்கே பார்ப்பவர்களும் பெண்கள். தொழுகைக்கு ஒரு வகுப்பறை ஒதுக்கியிருக்கிறோம். பகல் சாப்பாடு எல்லாருக்கும் பொதுவாக மரக்கறிதான்.

சாப்பிடாமல் வர வேண்டுமா?

சீனி பார்க்க வேண்டுமென்றால், இரவு சாப்பாட்டுக்குப் பிறகு குறைந்தது 8 மணித்தியாலம் ஒன்றும் சாப்பிடாமல் வாருங்கள். தண்ணீர் குடிக்கலாம். பிளேன்டீ வேண்டாம், சீனி போடாவிட்டாலும் வேண்டாம். பிரஷர் குளிசை எடுப்பவர்கள் வழமைபோல எடுத்துவிட்டு வாருங்கள். சீனிக்கு இன்சுலினோ குளிசையோ எடுப்பவர்கள் அதைக் கையில் கொண்டு வாருங்கள், இரத்தம் எடுத்தவுடன் மருந்தும் சாப்பாடும் ஒன்றாக எடுக்கலாம். வெறும் வயிற்றோடு சீனிக் குளிசையைப் போட்டுவிட்டு வெயிலில் வரிசையில் நின்றால் மயக்கம் வரும். போன முறை ஒரு மாமி அப்படித்தான் கதிரையிலிருந்து சரிந்தார். நல்ல காலம், பக்கத்தில் தோடம்பழச் சாறு இருந்தது.

வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல் வந்தால் சீனி வருத்தமாக இருக்கலாம், இன்னொரு நாள் திரும்பப் பார்த்துத்தான் உறுதி செய்வார்கள். 100இலிருந்து 125வரை வந்தால் வாசற்படியில் நிற்கிறீர்கள் என்று அர்த்தம். உள்ளே போகாமல் திரும்பி வரலாம்.

போன முறை எனக்குப் பிரஷர் கூடக் காட்டியது. வீட்டில் பார்த்தால் சரியாக இருக்கிறது. உங்கள் மெஷின் பிழையா?

இதை நிறையப் பேர் கேட்டார்கள். மெஷினில் பிழையில்லை, பார்த்த விதத்தில்தான் எங்கள் பிழை இருந்தது. சனம் கூடிப்போனதால், வந்தவரை வந்தபடி உட்கார வைத்துப் பார்த்துவிட்டோம். சைக்கிள் மிதித்து வந்தவர், படியேறி வந்தவர், பக்கத்துக் கதிரைக்காரியோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தவர், எல்லாருக்கும் கூடத்தான் காட்டும்.

இந்த முறை ஒழுங்கு வேறு. பிரஷர் கொட்டகைக்கு முன்னால் வேப்பமர நிழலில் கதிரைகள் போட்டிருக்கிறோம். அங்கே 5 நிமிடம் பேசாமல் இருக்க வேண்டும். முதுகு சாய்ந்து, கால் இரண்டும் நிலத்தில், ஒன்றின் மேல் ஒன்று போடாமல். கை மேசையில், பட்டி நெஞ்சு மட்டத்தில். அதற்கு முந்திய அரை மணித்தியாலத்தில் தேநீரோ சிகரெட்டோ கூடாது. சலம் முட்டிக்கொண்டிருந்தால் போய்விட்டு வந்து இருங்கள், அதுவும் எண்ணைக் கூட்டும். சட்டைக் கையைச் சுருட்டி மேலே இறுக்க விடாதீர்கள். இரண்டு தரம் பார்த்து, இரண்டையும் எழுதித் தருவோம்.

மேல் எண் இதயம் அழுத்தித் தள்ளும்போது குழாய்க்குள் இருக்கிற அழுத்தம், கீழ் எண் அது ஓய்கிற நேரத்தில் இருப்பது. 120க்கு 80 நல்லது. 140க்கு 90 அல்லது அதற்கு மேல் வேறு வேறு நாட்களிலும் வந்தால் அதைப் பிரஷர் வருத்தம் என்கிறோம். ஒரே ஒரு நாள் ஒரே ஒரு தரம் பார்த்ததை வைத்து யாருக்கும் முத்திரை குத்தமாட்டோம்.

கையில் பட்டி கட்டிக் காற்றடிக்கிற யோசனை 1896இல் இத்தாலி டொக்டர் ரிவா-ரோச்சியுடையது. பட்டியைத் தளர்த்தும்போது குழாயை வைத்துச் சத்தத்தைக் கேட்டு இரண்டு எண்ணையும் எடுக்கலாம் என்று 1905இல் ரஷ்ய டொக்டர் கொரோட்கொவ் காட்டினார். நூறு வருடத்துக்கு மேலாகியும் அடிப்படை அதேதான். விஞ்ஞான மேசையில் நீங்களே காதில் குழாயை மாட்டி அந்த 'டொக் டொக்' தொடங்குகிற இடத்தையும் மறைகிற இடத்தையும் கேட்கலாம். போன முறை பத்து வயதுப் பிள்ளை ஒன்று தன் அம்மம்மாவின் கையில் அதைக் கேட்டுவிட்டு, "அம்மம்மா, உங்கட கைக்குள்ள ஆரோ கதவு தட்டுறாங்க" என்றது.

பிரஷர் இப்போது சரியாகிவிட்டது. குளிசையை நிற்பாட்டலாமா?

நிற்பாட்ட வேண்டாம். அம்லோடிபினோ லொசார்டனோ குடிப்பதால்தான் அது சரியாக நிற்கிறது. காய்ச்சலுக்குக் குடிக்கிற பெனடோலைப் போல, வந்ததை விரட்டிவிட்டு முடிந்துபோகிற மருந்து அல்ல இது. நிற்பாட்டினால் சில நாட்களில் எண் பழைய இடத்துக்கு ஏறும், உங்களுக்கோ ஒன்றும் தெரியாது. தெரிய வருகிற நாள் பாரிசவாதமாகவோ மாரடைப்பாகவோ இருக்கும்.

நிறை குறைந்து, உப்புக் குறைந்து, நடையும் வந்துவிட்டால் டொக்டரே அளவைக் குறைப்பார். அது நடக்கிற காரியம்தான், நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அவரிடம் கேட்டுச் செய்யுங்கள். கால் வீங்குது, இருமல் வருது என்று பக்க விளைவு இருந்தாலும் சொல்லுங்கள், மாற்றித் தர வேறு மருந்து இருக்கிறது. கிளினிக்கில் சனம் கூட, கேட்க வெட்கமாக இருக்கிறது என்றால் எங்கள் கொட்டகைக்கு வாருங்கள். கேட்க வேண்டியதைக் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதித் தருகிறோம், கொப்பியைத் திறந்து நீட்டினால் போதும்.

நோன்பு காலத்தில் நேரம் மாற்றுவதும் அப்படித்தான். நோன்புக்கு ஒரு மாதம் முன்பே கேட்டு வையுங்கள்.

நெஞ்சுவலி வந்தால் வாய்வா, மாரடைப்பா என்று எப்படித் தெரியும்?

வீட்டில் வைத்துத் தெரியாது. இந்த ஒரு பதிலுக்காகவே விழா வைக்கிறோம் என்று சொன்னாலும் தகும்.

என் அப்பாவின் கதையைச் சொல்கிறேன். அவருக்கு 58 வயது. இரவு 10 மணிபோல நெஞ்சில் கல்லைத் தூக்கி வைத்ததுபோல இருக்கிறது என்றார். வேர்த்தது. அன்று இரவு மரவள்ளிக்கிழங்கு சாப்பிட்டிருந்தார், எல்லாரும் "வாய்வுதான்" என்று முடிவு கட்டினோம். அம்மா ஓமத்தண்ணீர் அவித்தார். மறுகா இஞ்சி. மறுகா எண்ணெய் தடவி நீவிவிட்டோம். கொஞ்சம் குறைந்தது, திரும்பவும் வந்தது. "விடியட்டும்" என்றார். விடிந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனபோது ஈசிஜி எடுத்தவரின் முகம் மாறியதை இன்றைக்கும் மறக்கவில்லை. அப்பா உயிர் தப்பினார். ஆனால் இதயத்தின் ஒரு பகுதித் தசை அந்த எட்டு மணித்தியாலத்தில் செத்துவிட்டது. அதன்பிறகு கிணற்றடிக்குப் போய்வரவே மூச்சு வாங்கும். நான்கு வருடம் அப்படி இருந்தார். நான் அப்போது தாதிப் பயிற்சியில் முதலாம் வருடம். எனக்கே தெரியவில்லை.

மாரடைப்பு என்றால் இதயத் தசைக்கு இரத்தம் கொடுக்கிற குழாயில் இரத்தக்கட்டி அடைப்பது. அடைத்த நேரத்திலிருந்து தசை கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும். கட்டியைக் கரைக்கிற ஊசியை வலி தொடங்கி 12 மணித்தியாலத்துக்குள் போடலாம், ஆனால் முதல் ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் போட்டால் காப்பாற்றுகிற தசை எவ்வளவோ கூட. விடியும்வரை காத்திருக்கிற ஒவ்வொரு மணித்தியாலமும் தசையாகக் கழிகிறது.

அதனால் இவற்றைக் கண்டால் வாய்வு என்று நினைக்க வேண்டாம்: நெஞ்சின் நடுவே இறுக்கம், பாரம், எரிவு, அது இடது கைக்கோ இரண்டு கைக்குமோ தோளுக்கோ தாடைக்கோ முதுகுக்கோ போவது, குளிர்ந்த வேர்வை, மூச்சு முட்டல், ஓங்காளம். சீனி வருத்தக்காரருக்கும் வயதானவருக்கும் வலியே இல்லாமல் வேர்வையும் களைப்பும் மட்டும் வரலாம். பெண்களுக்கும் சிலநேரம் அப்படித்தான், "ஏலாமக் கிடக்கு" என்று சொல்லிக்கொண்டே சமைத்து முடிப்பார்கள். வயிற்றின் மேற்பக்கம் வலித்தாலும் வேர்வை சேர்ந்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

போய் ஈசிஜி எடுத்து ஒன்றுமில்லை என்று திரும்பி வந்தால் அது நல்ல செய்தி. யாரும் சிரிக்கமாட்டார்கள். ஓமத்தண்ணீரை வந்து குடிக்கலாம்.

இரவில் எப்படிப் போவது? வாகனம் கிடைக்காதே.

1990க்குப் போன் எடுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ், காசு இல்லை. 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, பிறகு நாடு முழுக்க வந்தது. ஆளின் நிலை, ஊர், கிட்ட இருக்கிற கோயில், பள்ளிவாசல், சந்தி எது என்று கேட்பார்கள், பதறாமல் சொல்லுங்கள். ஒருவர் ரோட்டில் டோர்ச்சோடு நின்றால் வருகிறவர்கள் ஒழுங்கையைத் தேட வேண்டியதில்லை.

வண்டி வரும்வரை ஆளை நடக்க விடாதீர்கள். சாய்ந்து உட்கார வையுங்கள், இறுக்கமான உடுப்பைத் தளர்த்துங்கள். சோறு, சோடா எதுவும் வேண்டாம். அஸ்பிரின் கொடுக்கலாமா என்று தொலைபேசியில் இருப்பவரிடமே கேளுங்கள். ஒவ்வாமை இல்லை, இரத்தக் கசிவு வருத்தம் இல்லை என்றால் 300 மில்லிகிராம் சப்பித் தின்னச் சொல்வது வழக்கம். ஆளை மோட்டார் சைக்கிளில் நடுவே இருத்திக்கொண்டு போவது மிகவும் ஆபத்து. அவரே ஓட்டிக்கொண்டு போவது அதைவிட ஆபத்து.

விஞ்ஞான மேசையில் என்ன காட்டுவீர்கள்? ஆட்டு இதயத்தை வெட்டுவீர்களாமே?

ஆமாம். பாடசாலைக்குள், கதவு மூடிய வகுப்பறையில். விரும்பாதவர்கள் உள்ளே வரத் தேவையில்லை, கோயில் பக்கமாக ஒன்றும் கொண்டுபோகமாட்டோம்.

ஒரு பக்கச் சுவரை வெட்டித் திறந்தால் நாலு அறையும் தெரியும். இடது கீழறையின் சுவர் வலதைவிட மூன்று மடங்கு போலத் தடிப்பு. வலது அறை பக்கத்தில் இருக்கிற நுரையீரலுக்கு மட்டும் தள்ளினால் போதும், இடதுதான் உடம்பு முழுக்கத் தள்ளவேண்டியது. வால்வை இழுத்துப் பிடிக்கிற வெள்ளை நூல்களை இடுக்கியால் தூக்கிக் காட்டுவோம். வலையில் கட்டின நூலைப்போல இருக்கும். பெருநாடியின் வெட்டுவாய்க்குள் கூஜாவால் தண்ணீர் ஊற்றினால், மூன்று சின்னப் பைகள் நிரம்பி ஒன்றோடொன்று முட்டி வாசலை மூடும். போன முறை இதை நாலு தரம் செய்து காட்டச் சொல்லிக் கேட்டார்கள்.

அப்புறம் அந்த மூன்று பைகளுக்குச் சற்று மேலே இரண்டு சின்னத் துவாரங்கள் இருக்கும். ஒரு தென்னை ஈர்க்கிலை உள்ளே விட்டுப் பார்க்கலாம், இதயத்தின் வெளிச் சுவரில் ஓடுகிற குழாய் வழியாக அது போகும். அந்தக் குழாய்கள்தான் இதயத்துக்கே இரத்தம் கொடுப்பவை. மனிதருக்கும் தொடக்கத்தில் 3, 4 மில்லிமீற்றர் அகலம்தான். உடம்பு முழுக்க இரத்தம் தள்ளுகிற உறுப்பு தன் பங்கை அந்த ஈர்க்கில் வழியாகத்தான் எடுக்கிறது. அதில் கொழுப்புப் படிந்து அடைத்தால் என்ன நடக்கும் என்று பிறகு நாங்கள் விளக்கத் தேவையே இருக்கவில்லை.

பிள்ளைகளுக்கு யோகட் கப் விளையாட்டு. ஒரு வாளித் தண்ணீரை யோகட் கப்பால் அள்ளி அடுத்த வாளிக்கு ஊற்ற வேண்டும், நிமிடத்துக்கு 70 தரம். ஒரு துடிப்புக்கு இதயம் தள்ளுவது கிட்டத்தட்ட அவ்வளவுதான், 70 மில்லிலீற்றர். அப்படியே நிமிடத்துக்கு 5 லீற்றர். போன முறை இரண்டு நிமிடம் தாண்டியவர் ஒருவர்தான், ஒரு மீன்பிடிகாரர் மகன். இதயம் ஒரு நாளில் ஏறக்குறைய ஒரு இலட்சம் தரம் துடிக்கிறது.

1628இல் வில்லியம் ஹார்வி என்ற ஆங்கில டொக்டர் இதே கணக்கைத்தான் போட்டார். அரை மணித்தியாலத்தில் இதயம் தள்ளுகிற இரத்தம் உடம்பில் இருக்கிற மொத்த இரத்தத்தைவிடக் கூட வருகிறதே, அப்படியானால் அது புதிதாக உண்டாகிச் செலவாகிப்போவதாக இருக்க முடியாது, திரும்பத் திரும்பச் சுற்றித்தான் வரவேண்டும் என்று காட்டினார். வாளியும் கப்பும் போதும் அதை விளங்கிக்கொள்ள.

கூத்துக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டு சம்பந்தம். முதலாவது, வசந்தன் ஆடுகிற பிள்ளைகள் ஆட முன்னும் ஆடிய பின்னும் மணிக்கட்டில் நாடி பிடித்து மேடையிலேயே எண்ணுவார்கள். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்க வேண்டும். சும்மா இருக்கும்போது 60இலிருந்து 100க்குள் இருக்கும். கோலடித்துச் சுற்றி வந்தபின் எவ்வளவு ஏறுகிறது, எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பார்ப்பவர்களும் தங்கள் நாடியோடு ஒப்பிடலாம். நல்லாய்ப் பழகின பிள்ளைக்குச் சுறுக்காய் இறங்கும்.

இரண்டாவது பெரிய விஷயம். ஒருவர் விழுந்து, கூப்பிட்டால் அசையவில்லை, மூச்சும் இல்லை, அல்லது மீன் வாய் திறப்பதுபோல இழுக்கிறது என்றால் இதயம் நின்றுவிட்டது. 1990க்கு எடுக்கச் சொல்லிவிட்டு உடனே நெஞ்சை அழுத்த வேண்டும். நெஞ்செலும்பின் நடு, கீழ்ப் பாதியில் ஒரு உள்ளங்கையின் அடி, அதன் மேல் மற்றக் கை, முழங்கை மடங்காமல், 5 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100இலிருந்து 120 தரம். ஒவ்வொரு அழுத்தலுக்குப் பிறகும் நெஞ்சை முழுதாக எழும்ப விடவேண்டும்.

இந்த வேகத்தை எண்ணிப் பழக ஆட்களுக்குக் கஷ்டமாக இருந்தது. கூத்துப் பழக்குகிற எங்கள் அண்ணாவியாரிடம் சொன்னோம். அவர் மத்தளத்தை மடியில் வைத்து, நான் மணிக்கூட்டைப் பிடிக்க, கொஞ்சம் கூட்டி, கொஞ்சம் குறைத்து, 110இல் கொண்டுவந்து நிறுத்தினார். "இவ்வளவுதானா மனே? இது வரவுத்தாளம் போட முதல் கை சூடாக்கிற வேகம்" என்றார். பிறகு மைதானத்தில் வரிசையாகப் பாய் போட்டு, பழைய சேர்ட்டுக்குள் வெறும் பிளாஸ்டிக் போத்தலும் துணியும் அடைத்துச் செய்த பொம்மைகளை வைத்து, மத்தளச் சத்தத்துக்கு எல்லாரும் அழுத்தினார்கள். கூத்துப் பார்த்து வளர்ந்த காதுக்கு அந்தத் தாளம் ஒரு தரம் கேட்டால் போதும். இரண்டு நிமிடத்துக்கு ஒருவராக ஆள் மாறவும் பழக்குகிறோம், களைத்த கை ஆழம் போகாது.

சான்றிதழ் எதுவும் தேவையில்லை. பிழையாகச் செய்துவிடுவேனோ என்ற பயம் வேண்டாம். எலும்பு முறிந்தால் பிறகு பொருந்தும்.

தேங்காய்ப்பாலை விடச் சொல்வீர்களா? கருவாடு?

விடச் சொல்லவில்லை. சொன்னாலும் யாரும் விடப்போவதில்லை, அது எனக்கும் தெரியும். தேங்காயெண்ணெயில் 80 வீதத்துக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு, அது கெட்ட கொலஸ்ட்ரோலைக் கூட்டும். அதனால் அளவுதான் பேச்சு. மூன்று கறிக்கும் முதற்பால் விடாமல் ஒன்றுக்கு விடுங்கள், மற்றதுக்கு மூன்றாம் பால் போதும். சொதி தண்ணியாக இருந்தாலும் சொதிதான். வடை பொரித்த எண்ணெயைப் போத்தலில் ஊற்றி நாளைக்கும் நாளன்றைக்கும் வைக்கிற பழக்கத்தை மட்டும் கட்டாயம் விடுங்கள்.

உப்பு ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டி. கறி, சம்பல், ஊறுகாய், கடைப் பிஸ்கட் எல்லாவற்றிலும் இருப்பது சேர்த்து. கருவாட்டை வெந்நீரில் ஊறப்போட்டு அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, கறிக்குத் தனியாக உப்புப் போடாமல் சமையுங்கள். சோற்றுக்குள் உப்புப் போடுகிற வீடுகள் முதலில் அதை நிற்பாட்டிப் பாருங்கள், சில கிழமைகளில் நாக்குப் பழகிவிடும்.

மீனில் எங்களுக்குக் குறையில்லை. சூடை, சாளை, நெத்தலி மலிவு, இதயத்துக்கு விலைகூடின மீனைவிட ஒன்றும் குறைந்ததல்ல. கோப்பையில் சோறு மலைபோல, கீரை ஓரத்தில் ஒரு சொட்டு என்று வைப்பதைத்தான் மாற்ற வேண்டும். பகல் சாப்பாட்டுக்கு நாங்கள் சிவப்பரிசிச் சோறு, பருப்பு, முருங்கையிலை வறை, வல்லாரைச் சம்பல் வைக்கிறோம். அரைக் கோப்பை மரக்கறி, கால் கோப்பை சோறு, கால் கோப்பை பருப்பு. சமைப்பவர்கள் ஊர் மாமிமார், ருசிக்கு நான் பொறுப்பு.

நான் வட்டையில் வேலை செய்கிறவன். எனக்கு நடை எதற்கு?

வரம்பு கட்டி, களை பிடுங்கி, மூட்டை சுமக்கிற நாளில் தேவையில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள், இப்போது உழவும் மெஷின், வெட்டும் மெஷின், வட்டைக்குப் போவதும் மோட்டார் சைக்கிளில். விதைப்புக்கும் வெட்டுக்கும் நடுவில் எத்தனை நாள் மடுவத்தில் இருக்கிறீர்கள்? கிழமைக்கு 150 நிமிடம், வியர்க்கிற அளவு நடை. பேச முடியும், பாட முடியாது, அந்த வேகம். ஆண்களுக்கு இடுப்பு 90 சென்ரிமீற்றரும் பெண்களுக்கு 80உம் தாண்டினால் கவனிக்கச் சொல்கிறார்கள். சாரத்தை இறக்கிக் கட்டினால் தொந்தி தெரியாது, நாடா தொப்புளுக்கு மேலால்தான் போகும்.

பிள்ளைகளுக்கும் இதய வருத்தம் வருமா?

வரும். பிறவியிலேயே இருப்பது ஒரு வகை. இன்னொன்று தொண்டை நோவிலிருந்து வருவது. சில கிருமியால் வருகிற தொண்டை நோவைக் கவனிக்காமல் விட்டால் இரண்டு, மூன்று கிழமைக்குப் பிறகு காய்ச்சலோடு முழங்கால், கணுக்கால் மாறிமாறி வீங்கி வலிக்கும். மூட்டு வலி போய்விடும், இதய வால்வில் பட்ட காயம் நிலைத்துவிடும். இது வந்த பிள்ளைக்கு 3 அல்லது 4 கிழமைக்கு ஒருக்கால் பெனிசிலின் ஊசி, பல வருடத்துக்கு. பிள்ளை நல்லாய் ஓடி விளையாடுகிறதே என்று ஊசியைத் தவறவிடாதீர்கள்.

கவலையால் நெஞ்சு வெடிக்குமா?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் 2004 சுனாமியில் பிள்ளையைக் கொடுத்தவர். அவருக்குச் சொன்னதையே எழுதுகிறேன். வெடிக்காது, ஆனால் கவலை இதயத்தைத் தொடும் என்பது உண்மை. 1990இல் ஜப்பான் டொக்டர்மார் ஒன்றைக் கவனித்து எழுதினார்கள். பெரிய துக்கம், பயம் வந்தவர்களுக்கு மாரடைப்புப் போலவே நெஞ்சுவலி வருகிறது, குழாயில் அடைப்பு இல்லை, இடது கீழறை மட்டும் அடியில் ஊதிப்போய் நிற்கிறது. அந்த உருவம் அங்கே பேய்க்கணவாய் பிடிக்க மீனவர் போடுகிற மண்பானையைப்போல இருந்ததால் அதன் பெயரையே வைத்தார்கள், தகோட்சுபோ. அநேகமானோருக்குச் சில கிழமைகளில் சரியாகிவிடும். ஆனால் அதுவும் மாரடைப்பும் வீட்டில் வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாதவை, அதனால் ஆஸ்பத்திரி கட்டாயம்.

நீண்டகாலத் துக்கத்தில் நித்திரையும் போகும், மருந்து எடுக்கவும் மனம் வராது. அதைப் பேச விழாவில் தனியாக ஒரு அறை இருக்கிறது, இருக்கப்போகிறவர் பொறுமையாகக் கேட்பவர்.

சுருட்டும் வெற்றிலையும்?

சுருட்டு, பீடி, சிகரெட் மூன்றும் ஒன்றுதான். விட்ட ஒரு வருடத்தில் இதய வருத்தம் வருகிற ஆபத்தில் மேலதிகமாக ஏறியிருந்தது பாதியாகக் குறைகிறது, 60 வயதில் விட்டாலும் பலன் உண்டு. வெற்றிலை போடாமல் இருக்க முடியாது என்பவர்கள் முதலில் புகையிலையை எடுத்துவிடுங்கள். அடுப்படிப் புகையும் இதயத்துக்குக் கெடுதி, விறகடுப்பு என்றால் யன்னலைத் திறந்து வையுங்கள்.

எல்லாருக்கும் ஈசிஜி எடுப்பீர்களா?

இல்லை. கேட்பவர்கள் நிறைய, ஆனால் வலி இல்லாதவரின் ஈசிஜி நல்லாக இருந்தால் "எனக்கு ஒன்றும் இல்லை" என்று அதை மடித்து வைத்துவிட்டு, பிறகு வலி வந்தாலும் போகாமல் இருப்பார். அது எங்களுக்குப் பயம். ஈசிஜி அந்த நிமிடத்தைத்தான் சொல்லும். விழாவில் இருக்கிற டொக்டர் தேவை என்று எழுதித் தந்தால் எடுக்கலாம்.

ஏதாவது கூடக் காட்டினால் மறுகா என்ன செய்வது?

எழுதிய துண்டோடு கிட்டிய ஆஸ்பத்திரிக்கோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கோ போங்கள். 35 வயது தாண்டியவர்களுக்கு ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களில் இலவசமாகவே திரும்பப் பார்க்கிறார்கள். விழாவில் நாங்கள் மருந்து கொடுப்பதில்லை. ஒரு நாளைக்குக் கொடுத்துவிட்டு அடுத்த மாதம் யாரிடம் போவீர்கள்? இரண்டு கிழமைக்குப் பிறகு எங்கள் பிள்ளைகள் வீட்டுக்கு வருவார்கள், போனீர்களா என்று கேட்க. கோபிக்காதீர்கள். போன முறை போகாமல் இருந்தவர்களில் பாதிப் பேர் சொன்ன காரணம், தனியாகப் போகப் பயம் என்பது. அதனால் இந்த முறை கூட வருவதற்கும் ஆள் இருக்கிறது.

எங்கள் ஊரிலும் வைக்கலாமா?

வையுங்கள், சந்தோசமாக வந்து உதவி செய்கிறோம். முதலில் உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரியிடம் கதையுங்கள், அவர் அனுமதி இல்லாமல் ஊசி குத்தி இரத்தம் எடுக்கக் கூடாது. கிளினிக் நாளோடு மோதாத ஞாயிறு பாருங்கள். குத்தின ஊசிகளைப் போட மூடியுள்ள தடித்த போத்தல் வேண்டும், குப்பையோடு போகக் கூடாது. பிரஷர் மெஷின்களை ஒரு கிழமைக்கு முன் ஆஸ்பத்திரி மெஷினோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பற்றரி கூடுதலாக வாங்கி வையுங்கள். பெரிய கைப்பட்டி ஒன்றும் கட்டாயம் வேண்டும். தடித்த கைக்குச் சின்னப் பட்டி கட்டினால் எண் உண்மையைவிடக் கூடக் காட்டும், எங்களிடம் போன முறை பெரிய பட்டி இருக்கவில்லை.

வருகிறவர்களிடம் நோட்டீஸிலேயே எழுதிச் சொல்லுங்கள்: கிளினிக் கொப்பி, மூக்குக்கண்ணாடி, வீட்டில் இருக்கிற எல்லாக் குளிசைகளும் அட்டையோடு ஒரு பையில்.